டைனமோவைத் தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு

ஆகஸ்ட் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதுரையிலிருந்து காரைக்குடிக்குப் போய்வந்தேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் மின்சாமான் தேடி அந்த ஊருக்குப் போவதுண்டு. அவர்களுக்கு உதவும் என்று அப்போதே எழுத நினைத்தேன். உட்கார நான்கு மாதம் ஆகிவிட்டது.

கார் என் மாமனாருடையது. தேவகோட்டையில் தலைமையாசிரியராக இருந்தவர், ஒரு எஸ்டேட் அதிகாரியிடமிருந்து செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன ஆங்கிலேயக் கார். அவர் காலத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஷெட்டுக்கு வந்தது. என் மனைவி ஸ்டெல்லா சிறுமியாக இருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அந்தக் காரில்தான் தொண்டிக் கடலுக்குப் போவார்களாம். இந்த வருடம் அவளுக்கு நுரையீரல் சுருங்கும் நோய். சித்திரையிலிருந்து மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின். ஜூலையில் ஒருநாள், "ஏங்க, ஒரு தடவ தொண்டிக்குப் போயிட்டு வந்துருவோமா?" என்றாள். டாக்ஸி சொல்கிறேன் என்றேன். "டாக்ஸி வேணாம். அப்பா கார்ல போவோம்" என்றாள். டாக்டரைக் கேட்டேன். போவதென்றால் சீக்கிரம் போய்வாருங்கள் என்றார். நான் அதைப் பாதி அனுமதியாகவும் பாதி சம்பிரதாயப் பேச்சாகவும் எடுத்துக்கொண்டேன்.

மதுரையிலிருந்து தொண்டி சுமார் நூற்றுப்பத்து கிலோமீட்டர். எங்கள் கார் நாற்பதில் போனால்தான் மரியாதையாகப் போகும், ஆக ஒரு வழிக்கே மூன்று மணி நேரம். கையில் தூக்கிப் போகும் ஆக்ஸிஜன் மெஷினுக்கு பேட்டரி இரண்டு மணி நேரம்தான் தாங்கும். எனவே காரில் ஒரு சார்ஜிங் சாக்கெட் வேண்டும். எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன் ஒருவர் அரைமணி நேரத்தில் மாட்டிக்கொடுத்தார். மெஷினின் அடாப்டரைச் செருகியதும் புகை வந்தது. 5,800 ரூபாய் போயிற்று. ஸ்டெல்லா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நல்ல வேளை, நான் உள்ள இல்ல" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து பத்து நிமிடம் நிற்கவில்லை. அதற்கு மேல், டைனமோவும் கார் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவில்லை என்பது அன்றுதான் தெரிந்தது. பேட்டரியை மட்டும் நம்பி அவளைக் கூட்டிப்போக எனக்குத் தைரியமில்லை.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் ஒரு காலத்தில் கார் இல்லாத வீடு குறைவு. அந்த ஷெட்டுகள் காலியாகும்போது சாமான்களெல்லாம் காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துசேரும். அதனால்தான் அந்த ஊர். மாட்டுத்தாவணியில் காலை 6.10 பஸ், மேலூர், திருப்பத்தூர் வழி, டிக்கெட் 85 ரூபாய். கழற்றிய டைனமோவை அரிசிப் பையில் வைத்து மடியில் தூக்கிக்கொண்டேன். எட்டு கிலோ இருக்கும். "என்ன சார், பையில ஆட்டுக்கல்லா?" என்றார் கண்டக்டர். 8.25க்கு இறங்கினேன். அந்தத் தெருவில் பத்து மணிக்கு முன்னால் கடை திறக்காது என்பது எனக்குத் தெரியாது. வெள்ளைப் பணியாரமும் காபியும் எழுபது ரூபாய்க்குச் சாப்பிட்டுவிட்டு, மூடிய கடை வாசலில் பையோடு காத்திருந்தேன்.

தெருவில் இல்லாதது இல்லை. எனாமல் தூக்கு, பர்மாத் தேக்குத் தூண், பீங்கான் சுவிட்சு, பூட்டு, கண்ணாடி, கடவுள் படம். மூன்றாவது கடையில் என் டைனமோவின் உடன்பிறப்பு ஒன்று மேசைமேல் இருந்தது. பளபளவென்று பாலிஷ் போட்டு, தலையில் பல்பும் குடையும் மாட்டி மேசை விளக்காக்கி, 4,500 ரூபாய் விலை ஒட்டியிருந்தார்கள்.

"இது வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"சுவிட்சப் போட்டா எரியும் சார்" என்றார் கடைக்காரர்.

"நான் கேட்டது உள்ளே இருக்கிற காயிலை."

"அத அப்பவே உருவியாச்சு. செம்பு கிலோ கணக்குல போயிருச்சு. இப்ப யாரு சார் இத ஓட்டுறாக? ஹோட்டல்காரக வந்து வாங்கிட்டுப் போறாக."

சார்ஜ் ஏறுவதைக் காட்டும் அம்மீட்டர் கேட்டேன். அதற்குள் கடிகாரம் வைத்திருந்தார்கள். எனக்கு எரிச்சலாகவும் சிரிப்பாகவும் இருந்தது. ஆனால் அதே கடையின் மூலையில், பழைய ரேடியோ சாமான் என்று போட்டுவைத்த குவியலில், சார்ஜைக் கட்டுப்படுத்தும் கறுப்புப் பெட்டி ஒன்று மூடியோடு முழுசாகக் கிடைத்தது. 350 ரூபாய். என்ன பெட்டி என்று அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. டைனமோவை யாரிடம் காட்டலாம் என்று கேட்டதற்கு, "அங்குட்டு, கழனிவாசல் பக்கம் காதர் பாய்னு கேளுங்க. பழைய வண்டின்னா அவருதான்" என்றார். ஆட்டோ எண்பது ரூபாய்.

காதர் பாய்க்கு ஐம்பது வயது இருக்கும். குவைத்தில் பன்னிரண்டு வருடம் வாகன எலக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். தகரக் கொட்டகைதான் கடை. வாசலில் மூன்று ஷேர் ஆட்டோ, ஒரு பால் வண்டி. என் டைனமோவைத் திறந்து, இரண்டு இடத்தில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "ஆர்மேச்சர் போயிருச்சு. உள்ள செம்புக் கம்பி புதுசாச் சுத்தணும்" என்றார். அடாப்டர் புகைந்த கதையைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்த மாதிரி வண்டில பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடில பிடிச்சிருப்பாக. இப்ப உள்ள வண்டிக்கெல்லாம் நேர் எதிரு. பழக்கத்துல மாத்திக் குடுத்துட்டாக. சாக்கெட்டப் பாடியில தொடவே விடாதீக. பிளாஸ்டிக் பெட்டில மாட்டி, ரெண்டு ஒயரையும் பியூஸ் போட்டு நேரா பேட்டரிக்குக் கொண்டு போங்க."

இந்தப் பதிவில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

பிறகு அவர் கேட்டார்: "எதுக்கு சார் இம்புட்டு மெனக்கெடுறீக? கார் ஷோவுக்கா?"

"சும்மாதான் பாய். போன் சார்ஜ் போட, ஒரு சின்ன ஃபேன் மாட்ட."

"அவசரமா?"

"அவசரமில்ல. மெதுவா, நல்லாப் பண்ணிக் குடுங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்றால், வீட்டுச் சீக்கை வெளியில் சொல்வது எனக்கு வராது. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பக்கத்து மேசைக்காரருக்குக்கூட என் வீட்டுச் சங்கதி தெரியாது. அதைக் கௌரவம் என்று நினைத்தே வளர்ந்தவன். அந்நியர் முகத்தில் ஐயோ பாவம் தெரிவதைவிட, வெட்டியாகக் காசைக் கரைக்கிறவன் என்ற பெயர் எடுப்பது மேல் என்று பட்டது.

"அப்பச் சரி. கோவிச்சுக்கிராதீக சார், நம்ம கடையில ஓடுற வண்டிக்குத்தான் மொத வேல. இந்தா நிக்கிறானே பால் வண்டிக்காரன், வண்டி ஓடலைன்னா அவன் வீட்ல அடுப்பு எரியாது. நிக்கிற வண்டிக்கெல்லாம் அதுக்கப்புறந்தான். ஒரு வாரம் வைங்க" என்றார். நியாயமான பேச்சு என்று பாராட்டிவேறு வைத்தேன். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டு, 1.40 பஸ்ஸில் ஏறி நான்கு மணிக்கு வீடு வந்தேன். ஸ்டெல்லா கண் விழித்திருந்தாள். "அப்ப அடுத்த ஞாயிறு, பூசைக்கப்புறம்" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை போன் செய்தேன். இரண்டு ஷேர் ஆட்டோ வந்துவிட்டதாம், இன்னும் ஒரு வாரம் என்றார். "பரவாயில்ல பாய்" என்றேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு ஸ்கூல் வேன். அதற்கும் பரவாயில்லை என்றேன். அடுத்த அறையில் மெஷின் ஓடும் சத்தம் கேட்கக்கூடாது என்று போனை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பேசினேன். திரும்பி வந்ததும் ஸ்டெல்லா கேட்டாள்: "எனக்காகன்னு அவர்ட்டச் சொன்னீங்களா?"

"அதெல்லாம் அவருக்கு எதுக்கு?"

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்றாவது வாரம் புதன்கிழமை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சின்ன மெஷின் இனி போதாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் சேர்ந்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, காதர் பாயிடமிருந்து போன். "சார், ரெடி. எப்ப வாரீக?"

அக்டோபரில்தான் போனேன். அதே 6.10 பஸ். பாய் டைனமோவைப் பலகையில் வைத்துச் சுற்றிக் காட்டினார். பல்பு நின்று எரிந்தது. "இனிமே போன் என்ன சார், ஃபிரிட்ஜே ஓட்டலாம்" என்றார். சொல்லக்கூடாது என்றுதான் போயிருந்தேன். முடியவில்லை. மெஷின், தொண்டி, ஸ்டெல்லா எல்லாவற்றையும் நின்றவாக்கில் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். என் வயதுக்கு அது முதல் தடவையாக இருக்கலாம், வெளி ஆள் முன்னால்.

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது.

"ஆர்மேச்சர் சுத்துறது ரெண்டு நாள் வேல சார். ரெண்டே நாள். ஆஸ்பத்திரிச் சாமானுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பால் வண்டிக்காரனே 'மொத இதப் பாருங்க பாய்'னு தள்ளி நின்னுருப்பான். நான் கேட்டேன்ல, அவசரமான்னு? என்னயப் பாவத்துல தள்ளிட்டீகளே."

பாக்கி 2,400 ரூபாயை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. பையை மட்டும் அவரே தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பத்து மணிக்குமேல் போங்கள், ஞாயிறு வேண்டாம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துப்போங்கள், போட்டோ காட்டி வாங்கினால் ஏமாறுவீர்கள். பளபளப்பாக இருப்பதை வாங்காதீர்கள், உள்ளே ஒன்றும் இருக்காது. மீட்டர் ஒன்று பையில் இருக்கட்டும். சாமான் எதற்கு என்று கேட்டால், கேட்கிறவர் அந்நியர் என்று பார்க்காமல் உள்ளதைச் சொல்லுங்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் நல்லவர்கள்தான், நாம் வாயைத் திறக்க வேண்டும்.

டைனமோவைக் காரில் மாட்டியாயிற்று. சாக்கெட்டும் பாய் சொன்னபடி மாட்டியிருக்கிறேன். மீட்டரை வைத்துப் பார்த்தால் முள் நன்றாக ஏறுகிறது. தொண்டிக்கு இன்னும் போகவில்லை, போவேனா என்று தெரியாது. இதைப் படிக்கும் யாருக்காவது வீட்டில் காத்திருக்க முடியாத ஆள் இருந்தால் கீழே எழுதுங்கள். அவர் எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டாலும் காரை நானே ஓட்டிக்கொண்டு வருகிறேன்.