தகரப்பெட்டிக்குள் பிரிஞ்சி இலை

பெட்டியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாசனை. ரசகற்பூரம் இல்லை, தாழம்பூ இல்லை... அடுப்படி வாசனை. பட்டுச்சேலைக்குள் அது எப்படி வரும்?

கல்யாணமாகி சிம்மக்கல் வீட்டுக்கு வந்து, "விசேஷம் உண்டா?" என்று தெருவே கேட்க ஆரம்பித்திருந்த நேரம். கூறைச்சேலையை உதறினேன். மடிப்புக்கு மடிப்பு காய்ந்த இலைகள் உதிர்ந்தன.

எங்கள் டி. கல்லுப்பட்டி வீட்டில் கறிவேப்பிலை தவிர வேறு இலை குழம்பில் விழாது. புகுந்த வீட்டிலோ அடுப்பு முழுக்க என் ஓரகத்தி கையில். எனக்குப் பாத்திரம் கழுவும் வேலை. சோற்றில் வெந்து கறுத்த இலையை ஓரம் தள்ளியிருக்கிறேனே தவிர, காய்ந்ததைக் கண்டதில்லை. செய்வினை என்றே முடிவு கட்டினேன். இடுக்கியால் எடுத்து, முறத்தில் போட்டு மாமியாரிடம் நீட்டினேன்.

அவர் முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிரிஞ்சி இலையாம்.

அடுப்படியிலிருந்து ஓரகத்தி குரல் கொடுத்தாள். "நாந்தான் வச்சேன். பட்டுச்சேலையப் பூச்சி அரிச்சிரும்ல. அரிசி டிரம்முலயும் அதத்தான போடுறேன்."

வீட்டுப் பூட்டெல்லாம் ஒரே கடையில் வாங்கியது. எந்தச் சாவியும் எந்தப் பெட்டிக்கும் சேரும். சரி, பூச்சிக்கு என்றால் என்னிடம் கேட்டு வைக்கலாமே?

அப்போதுதான் உறைத்தது. சேலைக்கு அடியில் ஒரு சின்னச் சட்டை இருந்தது. பழைய வேட்டித் துணியில் நான் ஒளித்துத் தைத்தது. பிள்ளை பிறக்குமுன் துணி சேர்த்தால் ஆகாது என்பார்கள். வெளியே தெரிந்தால், அதனால்தான் கரு தங்கவில்லை என்று என் தலையில் கட்டிவிடுவார்கள்.

ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். சட்டையின் மடிப்பிலும் ஓர் இலை.

அன்றிலிருந்து அவள் வாயையே கவனித்தேன். குழாயடியில், வளைகாப்பு வீட்டில்... எங்கே விஷயத்தை அவிழ்க்கப் போகிறாள் என்று. அவிழ்க்கவில்லை. சமயம் பார்க்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு மகன் பிறந்தான். அவனுக்கு வயிறு உப்பினால் அந்த இலையைத்தான் கொதிக்கவைத்துக் கொண்டுவருவாள். நான் ஒரு வாய் குடித்துப் பார்த்த பிறகே பிள்ளைக்குக் கொடுப்பேன்.

போன வருஷம் அவள் படுக்கையில் விழுந்தபோது பார்க்கப் போனேன். கேட்டே விட்டேன்.

"ஏக்கா, அந்தச் சட்டையப் பத்தி யாருகிட்டயும் ஏன் சொல்லல?"

"எந்தச் சட்டை, ஆத்தா?"

மறந்துவிட்டாளாம். நீங்களே சொல்லுங்கள், மறக்கக்கூடியதா அது? நான் நம்பவில்லை. அந்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது திருநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் இந்த இலையைப் பாக்கெட்டில் வாங்குகிறாள்; பிரியாணிக்கு மட்டும்தான். எனக்கென்று தனி அறை, தனி பீரோ. சாவி கதவிலேயே தொங்குகிறது.

யாரும் திறந்து பார்ப்பதில்லை.