மஞ்சள் ஒட்டிய காகிதக் கூடை

நேற்று மழைக்கு நடுவே பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடி வந்து, "பழைய பேப்பர் இருந்தாக் குடுங்க" என்று நின்றது. இங்கே அஸ்தம்பட்டியில் மழை என்றால் பள்ளிக்கூடம் லீவு. லீவு விட்டாலும் சும்மா விடுவதில்லை, பழைய பேப்பரில் ஏதாவது செய்துகொண்டு வா என்று போனில் சொல்லிவிடுகிறார்கள். கட்டோடு எடுத்துக் கொடுத்தேன். ஊறவைத்துக் கூழாக்கிக் கிண்ணம் செய்ய வேண்டுமாம். கூட உட்கார்ந்து கிழிக்கச் சொன்னது. எனக்கு இப்போதெல்லாம் விரல் மடங்குவதில்லை. ஆனாலும் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது எனக்கு எப்போதுமே வந்ததில்லை.

அப்போது எனக்கு ஒன்பதோ பத்தோ. திருச்செங்கோட்டுக்கு மேற்கே தோட்டத்துக்குள் எங்கள் வீடு. அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை, ஆடுகள்கூடப் பட்டியை விட்டுப் போகவில்லை. சித்தப்பாவின் டீக்கடையிலிருந்து மாதம் ஒரு கட்டுப் பழைய பேப்பர் வரும். முதல் நாள் தொப்பி செய்தேன். மறுநாள் வாசல் தண்ணீரில் கப்பல் விட்டேன். மூன்றாம் நாள் எல்லாம் அலுத்துப் போய் அழுதேன். "அழுவாத, கூடை செய்யலாம் வா" என்று கூப்பிட்டவள் அக்காதான்.

அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அது கடைசி வருடம். பங்குனியில் பெரிய பரீட்சை. அதற்குள் ராசிபுரம் பக்கமிருந்து ஒரு இடம் வந்திருந்தது. பத்து நாளில் ஜாதகம் வாங்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பொருந்திவிட்டால் தையில் கல்யாணம். "பரீட்ச எழுதிட்டுக் கட்டிக்கறனுங்கப்பா" என்று அக்கா ஒரே ஒரு முறை கேட்டாள். "எழுதி என்னத்தக் கிழிக்கப் போற?" என்றார் அப்பா. அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை.

நான் உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துப் பானையில் போட்டேன். என் பொறுமை அவ்வளவுதான். கூடையைப் பூச்சி அரிக்காமலிருக்க வெந்தயம் வேண்டும், எடுத்து வா என்று அக்கா என்னை அடுப்படிக்கு அனுப்பினாள். டப்பாவைத் தேடி எடுத்து வருவதற்குள் அவள் பங்கையும் கிழித்துப் போட்டுத் தண்ணீரும் ஊற்றியிருந்தாள். "நீதான் முக்கி உடோணும் சாமி" என்றாள். பெருமையாக இரண்டு கையாலும் முக்கிவிட்டேன்.

மூன்று நாள் ஊறியதும் வெந்தயத்தோடு ஆட்டுக்கல்லில் ஆட்டி, கவிழ்த்த சட்டியின் மேல் அப்பினோம். கூழில் அரைபடாத துணுக்குகள் சில கிடந்தன. எல்லாம் நகத்தளவு, மஞ்சள் நிறம், சிலதில் சிவப்பு மைக் கோடு. ஏதோ கலர்ப்படம் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கூடையைச் சுற்றிப் பூப்போலப் பதித்தேன். அக்காவின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"அதப் பிச்சுப் போட்டுரு சாமி."

"போக்கா. எத்தன அழகா இருக்குது!"

அவள் கையை நீட்டுவதற்குள் அம்மா கூப்பிட்டுவிட்டாள். அப்புறம் கூடை அடுப்புக்கு மேல் காயப் போய்விட்டது.

ராசிபுரத்துக்காரர்கள் வந்தார்கள். அப்பா பெட்டியைத் திறந்தார். ஜாதக நோட்டு இல்லை. அம்மா அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தாள். ஜாதகம் கொடுக்கும் நாளென்று வந்திருந்த அத்தைதான் நிமிர்ந்து அடுப்புக்கு மேலே பார்த்தாள். அட்டையிலிருந்து கடைசித் தாள்வரை மஞ்சள் தடவி, சிவப்பு மையில் கட்டம் போட்ட நோட்டு அது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அடிப் பாவி, உங்கக்கா கல்யாணத்தையே ஊறப் போட்டுட்டியேடி!"

"ஆரு போட்டது?" என்றார் அப்பா. அக்கா கதவோரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முக்கியது என் கைதானே.

"நாந்தானுங்கப்பா" என்றேன்.

புளிய விளாறு ஒடியும்வரை அடி விழுந்தது. வந்தவர்கள் சகுனம் சரியில்லை என்று காப்பிகூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். வேறு எழுதலாம் என்றால், அக்கா பிறந்த நேரம் அந்த நோட்டில்தான் இருந்தது. கோழி கூப்பிடும்போது என்றாள் அம்மா. பால் கறந்த பின்னால் என்றார் அப்பா. அந்தச் சண்டை பங்குனிவரை ஓயவில்லை. அதற்குள் அக்கா பரீட்சை எழுதிவிட்டாள்.

அடி வாங்கிய அன்று என் காலில் தேங்காய் எண்ணெய் தடவியவள் அக்காதான். "வலிக்குதா சாமி, வலிக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பதில் சொல்லிச் சொல்லி நான் தூங்கிவிட்டேன்.

எனக்கு அந்த வருடம் ஐந்தாவது முடிந்தது. "காயிதத்தக் கண்டா இவளுக்குக் கை நிக்காது. படிச்சது போதும்" என்றார் அப்பா. ஆட்டுக்கும் ஆள் தேவைப்பட்டது. நான் ஒன்றும் கேட்கவில்லை. தப்புச் செய்தவள் என்னவென்று கேட்பது?

ஆவணியில் வேறொரு இடத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆயிற்று. உத்தேசமான நேரத்துக்கு எழுதிய புது ஜாதகத்தில் எல்லாப் பொருத்தமும் இருந்தது. அவள் பாஸான தாள் மட்டும் கடைசிவரை அவள் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. போன வருடம் அவளும் போய்விட்டாள்.

நேற்று அந்தக் குழந்தை, "எத்தன சின்னதாக் கிழிக்கணும்?" என்று கேட்டது. "நகத்தளவு" என்று சொல்லிவிட்டேன். அப்புறம் எனக்குக் கை ஓடவில்லை. அந்த நோட்டை நான் தொட்டதே இல்லை. நகத்தளவு கிழித்த கை எது என்று நேற்றுத்தான் தெரிந்தது என்றால் அது பொய். ரொம்ப நாளாகவே தெரியும். அவளிடம் கேட்கவில்லை. தெரிந்தபோது அவளும் வாழ்ந்து அலுத்துப் போயிருந்தாள், நானும்தான்.

கல்யாணம் முடிந்து அக்கா புறப்பட்ட அன்று, அம்மா அந்தக் கூடையை அடுப்பில் போடப் போனாள். அக்கா பிடுங்கித் தன் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஏறும்போது என் கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக நீவிக்கொண்டே அழுதாள். கல்யாணப் பெண் என்றால் அழத்தானே செய்வாள் என்று நான் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு ஆன பிறகும் நான் செய்த கூடை அக்காவுக்குப் பிடித்திருக்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.