லாலான் மேட்டில் ஒரு குவளை இஞ்சித் தண்ணீர்

அன்று மேட்டின் உச்சியில் நான் பயந்தது இஞ்சிக்கா, பக்கத்து வீட்டுக்காரிக்கா? இரண்டு வருடமாக இதை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். சில நாள் இஞ்சிக்குத்தான் என்று உறுதியாகத் தோன்றுகிறது. மறுநாள் காலையில் அந்த உறுதி இருப்பதில்லை.

ஜப்பான்காரர் காலத்தில் நாங்கள் பட்டணத்தை விட்டு ஆயர் ஈத்தாம் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிபோனோம். என் கணவர் துறைமுகத்தில் எழுத்தர்; ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி நாள் வரச் சொல்வார்கள். எங்களுக்கு ஒரே மகள், அப்போது ஐந்து வயது. பிள்ளை வளர்ப்பைப் பற்றி ஆங்கிலப் புத்தகம் ஒன்று வைத்திருந்தேன். எத்தனை மணிக்கு எத்தனை அவுன்ஸ் பால் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. பால் இல்லாத ஊரில் என்ன செய்வது என்று இல்லை. இருந்தாலும் தினமும் எடுத்துப் படிப்பேன்.

பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குபவர். மூன்று பிள்ளைகள். அவர்களுடைய பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். எங்கள் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். அவள் என்னைத் தங்கச்சி என்பாள். நான் அக்கா என்பேன். மனதுக்குள் அப்படி அழைத்ததில்லை.

அவள்தான் ஞாயிற்றுக்கிழமை நடையைத் தொடங்கினாள். எங்கள் வரிசைக்குப் பின்னால், காட்டை அழித்துவிட்டு யாரும் பயிர் வைக்காமல் விட்ட சரிவு ஒன்று இருந்தது. மரம் இல்லை. இடுப்பளவுக்கு லாலான் புல், காற்றடித்தால் முழு மேடும் ஒரு பக்கமாகச் சாயும். நடுவில் ஒற்றையடிப் பாதை. பெரியவர்கள் அரை மணியில் ஏறிவிடலாம், குழந்தைகளோடு ஒரு மணி நேரம். ஜப்பான்காரர் கடிகாரத்தை தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்திருந்ததால் எட்டு மணி என்றாலும் அப்போதுதான் விடிந்திருக்கும். அந்த நேரத்தில் வாசலில் வந்து நிற்பாள்.

“தங்கச்சி, புள்ளய அனுப்பு. மேல ஏறிப் பார்த்தா கடலுக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த் கர வரைக்கும் தெரியும் லா. வீட்டுக்குள்ளயே வச்சிருந்தா புள்ள வெளுத்துப் போயிரும்.”

எனக்கு அனுப்ப மனமில்லை. பாம்பு, அட்டை, காய்ச்சல் என்று எல்லாவற்றையும் கணவரிடம் சொன்னேன். “போகட்டும்,” என்றார். அவர் போகட்டும் என்றால் நான் அனுப்பிவிடுவேன். தொப்பி, சப்பாத்து, கொதித்தாறிய தண்ணீர் நிறைத்த போத்தல், எல்லாம் கொடுத்தனுப்பினேன்.

“என்னா, வெள்ளக்கார தொரசாணியா மலை ஏறப் போகுது?” என்று அவள் சிரித்தாள். என் மகளும் சிரித்தாள். அதுதான் முதல் முள்.

மூன்றாம் ஞாயிறு மகள் சப்பாத்தைப் போட மாட்டேன் என்றாள். நான்காம் ஞாயிறு, வீட்டில் நான் கெஞ்சியும் தொடாத மரவள்ளிக்கிழங்கை மேட்டில் இரண்டு துண்டு தின்றதாக வந்து சொன்னாள். “பெரியம்மா தந்தவ,” என்றாள்.

“ஆர் பெரியம்மா?”

“பக்கத்து வீட்டுப் பெரியம்மா. அப்பிடித்தான் கூப்பிடச் சொன்னவ.”

எனக்கு அக்கா கிடையாது. என் மகளுக்குப் பெரியம்மா என்று ஒருத்தி இல்லாத இடத்தில் அவள் போய் உட்கார்ந்துவிட்டாள். வாரம் முழுவதும் என் மகள் மேட்டைப் பற்றியே பேசினாள். ஞாயிறு மதியம் வந்து தூங்கி எழுந்தால் மறுபடி என் சேலையைப் பிடித்துக்கொண்டு, இருட்டு மூலைக்குப் பயந்து, சிணுங்குகிற பிள்ளையாகிவிடுவாள். நல்ல பிள்ளை அவளுக்கு, சிணுங்கும் பிள்ளை எனக்கா என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

என் முகத்தைப் பார்த்துக் கணவர் ஒரு சனிக்கிழமை சொன்னார்: “நீரும் ஒருக்கா போய்ப் பாருமன். பிள்ளைக்கும் சந்தோசமா இருக்கும்.”

போனேன். காலையில் வேறு எதுவும் இல்லாததால், மேட்டில் தின்னப் பழகிவிட்ட மகளுக்கு அவித்த மரவள்ளிக்கிழங்கை உப்புத் தொட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினோம். சந்தியில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரியும் பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்தார்கள், நானும் குனிந்தேன். மேட்டடி வந்ததும் அவளுடைய மூத்தவன் பாம்பு இருந்தால் ஓடட்டும் என்று கம்பால் புல்லைத் தட்டினான். அவள் குழந்தைகளின் காலில் புகையிலைத் தண்ணீரைத் தடவினாள். அட்டை ஏறாது என்றாள். பிறகு என் மகளை முன்னால் நிறுத்தினாள்.

“சின்னது முன்னால, பெரிசு பின்னால. சின்னது நின்னா எல்லாரும் நிக்கணும். அதுதான் நம்ம சட்டம்,” என்று எனக்கு விளக்கினாள்.

அந்தச் சட்டம் எவ்வளவு நல்லது என்று எனக்கு அப்போதே தெரிந்தது. யாரும் குழந்தையை விட்டுப் போக முடியாது, யாரும் அவளை இழுக்கவும் முடியாது. என் புத்தகத்தில் அப்படி ஒரு வரி இல்லை. என் மகள் வெறுங்காலோடு முதல் ஆளாக நடந்தாள். புல் அவள் தலைக்கு மேல் நின்றது. பயம் இல்லை. நான் கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தேன்.

“ஏய் முன்னாடி போறவளே, உங்கம்மா வண்டி நின்னுபோச்சு,” என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். எல்லாரும் நின்றார்கள். என் மகள் திரும்பி, “அம்மா, கெதியா வாங்கோ,” என்றாள். நான் பிந்தியதில் அவளுக்கு வெட்கம். அது எனக்குத் தெரிந்தது.

உச்சியில் ஒரு தட்டைப் பாறை. அங்கிருந்து பார்த்தால் பட்டணத்துக் கூரைகள், கடல், மறுகரை. எல்லாரும் உட்கார்ந்தோம். என் மகள் என் பக்கத்தில் உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் மடியில் சாய்ந்து, “பெரியம்மா, தண்ணி,” என்றாள். அவள் தூக்குச்சட்டியைத் திறந்து தகரக் குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். இஞ்சி வாசம் எனக்கு வந்தது.

எங்கள் யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரவள்ளிக்கிழங்கு தின்ற வயிற்றில் இஞ்சி பட்டால் நஞ்சு. கிழங்கு அவிக்கிற நாளில் அம்மா இஞ்சியை அடுக்களையிலேயே வைக்க மாட்டார். அதற்குள் மகள் இரண்டு வாய் குடித்துவிட்டாள்; நான் எழுந்து போய்க் குவளையைத் தட்டிவிட்டேன்.

“மரவள்ளிக்கு மேல இஞ்சி குடுக்கக் கூடாதெண்டு தெரியாதே உங்களுக்கு?”

அவளுக்கு நான் சொன்னது புரியவேயில்லை. “இஞ்சித் தண்ணி தங்கச்சி. சளிக்கு நல்லதுன்னு போட்டேன். எம் புள்ளைங்களும் கெழங்கு தின்னுட்டு இதத்தான் குடிக்குதுங்க.”

“அம்மா, நான் ஒவ்வொரு கிழமையும் குடிக்கிறனான்,” என்றாள் என் மகள்.

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும் மேட்டில் கிழங்கு தின்று, மேலே இஞ்சித் தண்ணீரும் குடித்து, கன்னம் சிவந்து வீடு வந்த பிள்ளை அது. நஞ்சில்லை என்பதற்கு அவளைவிட வேறு சாட்சி வேண்டுமா? கேட்டேன். விளங்கியது. விளங்கிய பிறகுதான் அவளைப் பாறையோரம் இழுத்துக்கொண்டு போய், வாய்க்குள் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தேன்.

“நஞ்சு. துப்பு. அவ தந்தது நஞ்சு,” என்று சொல்லிச் சொல்லி முதுகில் தட்டினேன். இதை நான் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பக்கத்து வீட்டுக்காரி கீழே உருண்ட குவளையை எடுத்துத் துடைத்தாள். தன் பிள்ளைகளிடம், “எந்திரிங்க, எறங்குவோம்,” என்றாள். இறங்கும்போது என் மகள் முன்னால் போகவில்லை. தூக்கச் சொன்னாள். ஐந்து வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மேடு முழுவதும் இறங்கினேன். கை விட்டுப்போகும் போல் வலித்தது. என் கழுத்தை அவள் இறுக்கிப் பிடித்திருந்தாள். உள்ளுக்குள் எங்கோ எனக்கு அது இனித்தது.

கணவரிடம் சொன்னபோது, “சின்னனில எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் சொல்லுவினம்,” என்றார். “உண்மையோ?” என்று கேட்டேன். “ஆரும் தின்று பாத்ததில்லை,” என்று சிரித்தார். நஞ்சு என்று பிள்ளையிடம் சொன்னதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறும் அவள் வாசலில் நின்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. “தங்கச்சி, இஞ்சி போடல. வெறும் தண்ணி. அனுப்புறியா?” என்றாள். என் மகள் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். வர மாட்டாள் என்று நான் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். லாலானுக்கு மேல் அவள் தோளும் மூத்தவன் கம்பின் நுனியும் ஆடிப் போவதைப் பின்வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு வேண்டியிருந்தது கிடைத்துவிட்டது. அப்போதும் அவளுடைய மூன்று பிள்ளைகளைப் பார்த்து எரிச்சல் குறையவில்லை. அவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு என் மகள் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாயில் வைப்பாள். “அம்மா, இதில நஞ்சு இருக்கோ?” இல்லை என்று நான் சொன்னால்தான் தின்பாள். சண்டை முடிந்து, ஜப்பான்காரர் போய், அரிசி வந்து, பள்ளிக்கூடமும் தொடங்கிவிட்டது. ஏழு வயதாகிறது. இன்னும் கேட்கிறாள். பள்ளியில் தோழி கொடுத்த பலகாரத்தைத் தின்னாமல் கைக்குட்டையில் பொதிந்து என்னிடம் கொண்டுவருகிறாள்.

பக்கத்து வீட்டுக்காரி குடும்பம் இப்போது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறது. போன மாதம் சந்தையில் அவள் கணவரைப் பார்த்தேன். “பள்ளிக்கூடம் லீவு விட்டா புள்ளய இட்டுக்கிட்டு வரச் சொன்னா உங்க அக்கா. வீட்டுக்குப் பின்னால சின்னதா ஒரு மேடு இருக்காம். இன்னமும் உங்க புள்ளதான் முன்னால நடக்கணுமாம்,” என்றார்.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். “எனக்கு நஞ்சு தந்த பெரியம்மாவோ?” என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கப் போவது போல் எழுந்துவிட்டேன்.

அவள் தந்தது நஞ்சில்லை, எனக்குத்தான் அவள்மேல் பொறாமை என்று சொன்னால், ஒவ்வொரு கவளத்துக்கும் என் வாயைப் பார்க்கிற பிள்ளை இனி யார் சொல்லை நம்பித் தின்னும்? சொல்லாவிட்டால், அவளுக்கு நடக்கக் கற்றுக்கொடுத்தவள் வாழ்நாள் முழுவதும் நஞ்சு கொடுத்தவளாகவே இருந்துவிடுவாள். லீவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு விளங்கும்படி, நான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை எது? அதை வீட்டில் வைத்துச் சொல்வதா, அந்த மேட்டில் மகள் முன்னால் நடக்கும்போது பின்னாலிருந்து சொல்வதா?