கடைசியில் ஊற்றிய ஒரு கரண்டி வைன்

செம்பூரில் நான் சாஸ் மாஸ்டராக இருந்த ஹோட்டலில் ஸ்டாஃப் சாப்பாடு மூன்றரை மணிக்கு. மதியம் மிஞ்சிய சாஸைச் சோற்றில் ஊற்றிக்கொள்வோம். அன்று மிஞ்சியது சிக்கனுக்கு வைத்த ரெட் வைன் சாஸ்.

தந்தூர் அடுப்பில் நிற்கும் அருள்ராஜ் தட்டோடு தயங்கினான். குடியை விட்டுப் பதினோரு மாதம். குடியை மறக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைத் தினமும் காலையில் அவன் மனைவி செல்வியே எடுத்துக் கொடுப்பாள்.

"அண்ணாச்சி, இதுல வைன் இருக்குல்லா?"

"கொதிச்சா எல்லாம் போயிரும்லே. சாப்பிடு."

எல்லோருக்கும் இதையேதான் சொல்லி வந்தேன். ஆனால் அந்த வாரம் வந்த புது செஃப், மணத்துக்காக அடுப்பை அணைத்த பிறகு இன்னொரு கரண்டி வைனைப் பச்சையாக ஊற்றச் சொல்லியிருந்தார். ஊற்றியவன் நான். வாயைத் திறக்கும்போது அது நினைவில் இல்லை. எல்லாம் தெரியும் என்ற கொழுப்பு, வேறென்ன.

கால் மணி நேரத்தில் அருளின் முகமும் கழுத்தும் சிவந்தன. நெஞ்சு படபடக்கிறது என்றான், வாந்தி எடுத்தான். மேனேஜர் வந்து அவன் வாயருகே மோந்து பார்த்தார்.

"மறுபடி ஆரம்பிச்சுட்டான். இவனுங்க திருந்த மாட்டானுங்க. நாளைலருந்து வர வேணாம்."

ஆஸ்பத்திரி என்ற பேச்சே இல்லை. அந்த ஆள் மீது எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை. என் மீதும்தான். வேலை போய்விடுமே என்று அவர் எதிரில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ரிக்‌ஷா பிடித்து அருளை நான்தான் கொண்டுபோனேன். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குக் கொஞ்சம் வைன் போதும், இப்படித்தான் செய்யும் என்றார் டாக்டர். அதற்குள் தாராவியிலிருந்து செல்வி வந்துவிட்டாள். மேனேஜர் போன் செய்திருந்தார்.

"குடிச்சிருக்காராம்லா. நான் பிள்ளைய கூட்டிட்டு கோவண்டிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன்."

"அவன் குடிக்கலம்மா. நான் வச்ச சாஸுல வைன் இருந்துச்சு. கேக்கத்தான் செஞ்சான். ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னது நான்."

"இத அந்த மேனேஜர்கிட்ட சொன்னீயளா அண்ணாச்சி?"



மறுநாள் காலை கிச்சன் முழுக்கக் கேட்கும்படி மேனேஜரிடம் நடந்ததைச் சொன்னேன். ஏப்ரனைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "அவன் வந்தாத்தான் நான் அடுப்பப் பத்தவைப்பேன்." மூன்றாம் நாள் அருள் வந்தான். மேனேஜர் அவனிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை.

அதன் பிறகு வைன் போட்ட சட்டிக்கெல்லாம் சிவப்பு டேப் ஒட்டினேன். யார் கேட்டாலும், "வைன் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். சமையல் வேலைக்கு வரும் தம்பிகளா, சட்டியில் என்ன போட்டோம் என்பதைச் சொல்லுங்கள். அது என்ன செய்யும், செய்யாது என்று நீங்கள் முடிவு கட்டாதீர்கள்.

அருள் என்னிடம் நன்றாகத்தான் பேசினான். ஆனால் நான் ரிடையர் ஆகும்வரை மூன்றரை மணிக்கு என் எதிரில் உட்கார்ந்து, செல்வி கொடுத்தனுப்பிய டப்பாவைத்தான் திறந்தான்.