கிரினிச்சில் கேட்ட வால்வெள்ளிக் கதை

காலை ஒன்பதரைக்கு லண்டன் பிளேஸ்டோவில் பஸ் ஏறினோம், நானும் என் மருமகள் சாந்தியும். 1986, சித்திரை வருசப் பிறப்புக்கு இரண்டு நாள் முந்திய சனிக்கிழமை. சாந்திக்கு நிறைமாதம். "வீட்டில இரு பிள்ளை" என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கிரினிச்சில் ஒரு மண்டபத்தில் வால்வெள்ளியைப் பற்றிப் பேசுகிறார்கள், வானத்தைப் படித்துப் புத்தகம் எழுதிய ஒரு பிரெஞ்சுக்காரரின் கதையும் உண்டு என்று லைப்ரரியில் நோட்டீஸ் பார்த்திருந்தாள்.

என்னை இழுத்துப் போனதற்குக் காரணம் உண்டு. வால்வெள்ளி எழுபத்தாறு வருசத்துக்குப் பிறகு திரும்பி வந்திருக்கிறது என்று டிவியில் சொன்ன நாளிலிருந்து, ஜன்னல் இடுக்கு, சாவித் துவாரம் எல்லாவற்றிலும் நான் துணி அடைத்து வைத்திருந்தேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. போன முறை அது வந்த வைகாசியில்தான் நான் பிறந்தேன். அன்றே அம்மா போய்விட்டா. வாலில் நஞ்சு என்று ஊர் சொன்னது. நல்ல காரியங்களில் என்னை முன்னுக்கு விடமாட்டார்கள். கூப்பிடாத இடத்துக்கு நானும் போனதில்லை, ஒருவருக்கும் தலை குனிந்ததுமில்லை. ஆனால் வீட்டில் ஒரு நிறைமாதக்காரி இருக்க, அந்த நஞ்சு மறுபடியும் வந்தால்?

பத்தேகாலுக்கு வடக்கு வூல்விச். அங்கே தேம்ஸ் ஆற்றைக் கடக்கும் படகுக்குக் காசில்லை. லொறி, கார் எல்லாம் ஏறுகின்றன. படகுக்காரர் சாந்தியின் வயிற்றைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்னவாம்?"

"நடு ஆத்தில பிறந்தா எந்தக் கரைப் பிள்ளையெண்டு ரெண்டு கவுன்சிலும் சண்டை பிடிக்குமாம், மாமி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கரையிலிருந்து மூன்று மைல் பஸ்ஸில் போனோம். பதினொரு மணிக்கு மண்டபம். இருபது பேர் இருப்பார்கள். பேசியவர் ஓய்வு பெற்ற வாத்தியார். சாந்தி என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அந்தப் பிரெஞ்சுக்காரர் ஏழைப் பிள்ளையாம். பகலில் சித்திரம் செதுக்கும் பட்டறையில் வேலை, மிச்ச நேரம் படிப்பு. காய்ச்சலில் விழுந்தபோது வைத்தியம் பார்க்க வந்தவர், பக்கத்தில் கிடந்த, அவர் கையால் எழுதிய தடித்த புத்தகத்தைப் பார்த்து வியந்து, நட்சத்திரம் பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிட்டாராம். பிறகு பிரெஞ்சுக்காரர் சாதாரண சனத்துக்காகவே எழுதினாராம். புத்தகத்தை விரும்பிய ஒருவர் வீடே கொடுத்துவிட்டாராம். கலியாணம் முடித்து மனைவியோடு பலூனில் பறந்தாராம்.

"உங்கட மகன் என்னைச் சவுத்எண்ட் கடற்கரைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனவர்" என்றாள் சாந்தி.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். என்னைப் போன்றவர்களுக்கும் ஒருவர் மினைக்கெட்டு எழுதியிருக்கிறார் என்பது பிடித்திருந்தது.

பிறகு கதையில் நான் பிறந்த வருசம் வந்தது. வால்வெள்ளியின் நச்சுக் காற்றால் உலகம் அழியும் என்று அவர் சொன்னதாகப் பத்திரிகைகள் பரப்பின. நான் அப்படிச் சொல்லவில்லை என்று அவர் மறுத்தும் பயம் அடங்கவில்லை. பெரிய பெரிய நகரங்களில் சனம் சாவித் துவாரத்தில் கடதாசி அடைத்ததாம்.

சாந்தி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வெள்ளைக்காரருமோ?" என்றேன். பிறகு, "கையைத் தூக்கு பிள்ளை. அது வந்த வருசம் பெத்த தாய்மார் அதாலதான் செத்தவையோ எண்டு கேள்."

"மாமி… இதுக்கோ இவ்வளவு நாளும் நித்திரையில்லாமல் இருந்தனீங்கள்?"

"கேள்."

கேட்டாள். வாத்தியார் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். அந்தக் காலத்தில் வால்வெள்ளி வந்தாலும் வராவிட்டாலும் பிள்ளைப்பேற்றில் தாய்மார் செத்தார்கள், மருந்து இருக்கவில்லை என்றார். "என் அக்கா வால்வெள்ளி வந்த அதே வாரத்தில் பிறந்தவர். அதற்குப் பிறகுதான் அம்மா என்னையும் இன்னும் மூவரையும் பெற்றார். சந்தேகமென்றால் அக்காவையே கேளுங்கள், பின்னால் தேநீர் ஊற்றுகிறார்."

பின்னாலிருந்து ஒரு அதட்டல் வந்தது. சாந்தி சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "கதையை முடியடா, தேத்தண்ணி ஆறுதெண்டு ஏசுறா."

என் வயதுக்காரி. நெட்டை, சிவந்த முகம். தானே கோப்பையைக் கொண்டுவந்து தந்து, என் தோளில் கையை வைத்தாள். அவளை ஒருவரும் எந்த வாசலிலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள் என்று தெரிந்தது. அந்தத் தேநீரில் சீனி காணாது. ஆனாலும் முழுவதும் குடித்தேன்.

மூன்று மணிக்குத் திரும்பவும் படகு. காற்று குளிராக, நன்றாக இருந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதலில் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். ஒருவரும் என்னை அதற்குக் கேட்டதில்லை.

"நீங்கள்தான் தொட்டு வைக்கவேணும், மாமி."

"என்ர குணம் வந்தால் நீ தாங்கமாட்டாய்."

"பழகிட்டன்."

அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, தொட்டிலில் கறுத்த மயிரோடு ஒரு பெண்பிள்ளை. நான் அதைப் பார்க்கவில்லை, தாயைப் பார்த்தேன். சாந்தி கண்ணைத் திறந்தாள்.

"மாமி, பசிக்குது. என்ன கொண்டந்தனீங்கள்?"