கறி எடுக்காத ஞாயிற்றுக்கிழமைகள்

பருப்பு வியாபாரத்தில் சாம்பிள் காட்டுவதற்கென்று பழுப்புக் காகிதத்தில் சின்னச் சின்னக் கவர்கள் வைத்திருப்பார்கள். ஒரு கைப்பிடி உளுந்து கொள்ளும். விருதுநகரில் என் புகுந்த வீட்டில் சனிக்கிழமை சாயங்காலம் அப்படி ஒரு கவரில்தான் எங்கள் வாரச் செலவுக்கான பணம் மாடிக்கு வரும். கொண்டு வருவது என் மூத்த ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். கவரை என் கையில் அவர் தந்ததே இல்லை. மூன்று வயதான என் மகளின் கையில் கொடுத்து, “அம்மாகிட்ட குடு தங்கம்” என்பார். நான் கை நீட்டி வாங்கும்படி ஆகிவிடக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். கொடுத்ததும் உட்காரமாட்டார். தொண்டையை ஒருமுறை கனைத்துக்கொண்டு, சேலையை இடுப்பில் இழுத்துச் செருகியபடி கீழே இறங்கிவிடுவார்.

வெளியிலிருந்து பார்த்தால் நாங்கள் வசதியான வீடு. பஜாரில் கமிஷன் கடை, வீட்டுக்குக் கீழே மிளகாய் வத்தல் குடோன், பெயர் சொன்னால் ஆட்டோக்காரருக்குத் தெரியும். மல்லாங்கிணற்றில் மானாவாரி வெள்ளாமையை நம்பி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா, மகள் இனி மழையை எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று நிம்மதியாகத்தான் என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். ஆனால் என் கணவருக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. நம்ம கடைக்கு நாமே எதற்குச் சம்பளம் வாங்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். கடையையும் பணத்தையும் பெரியத்தான்தான் பார்த்தார். என் கணவரின் அண்ணனை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். வாரத்துக்கு இவ்வளவு என்று அவர் அக்காவிடம் கொடுப்பார். அதில்தான் மாமனார் உட்பட எல்லோருக்குமான பொதுச் சமையல் நடக்கும். எங்கள் கைச்செலவுக்கான பங்கு தனியாகக் கவரில் மாடிக்கு வரும். சோற்றுக்குக் குறைவில்லை. சோற்றைத் தவிர மற்ற எல்லாம் அந்தக் கவருக்குள் அடங்க வேண்டும்.

அது அடங்காது. மகளுக்கு அடுத்துப் பிறந்த கைக்குழந்தைக்குப் பால் பவுடர், சோப்பு, மருந்து, ஆட்டோ, யார் வீட்டிலாவது விசேஷம் என்றால் மொய். பற்பசை டியூபைக் கத்திரிக்கோலால் வெட்டி உள்பக்கத்தை வழித்துத் தேய்ப்போம். மாடியில் நானாக வாங்கும் அரை லிட்டர் பால் பிள்ளைகளுக்கு, எனக்கும் அவருக்கும் வரக்காப்பி. அம்மாவுக்கு மிஸ்டு கால் கொடுப்பேன், அவள் திருப்பிக் கூப்பிடுவாள். அவளுக்கும் காசு இல்லாத வாரங்களில் போன் அடித்து நின்றால், நான் நன்றாக இருக்கிறேன் என்று அவள் எடுத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமை வந்தால் எனக்குள் ஒரு பரபரப்பு தொடங்கிவிடும். இருந்த இடத்தில் இருக்க முடியாது. மடித்த துணியை மறுபடி மடிப்பேன். அடுத்த சனிக்கிழமைக்குள் எதுவும் உடையக்கூடாது, யாருக்கும் காய்ச்சல் வரக்கூடாது, எந்தச் சொந்தக்காரரும் பத்திரிகையோடு படியேறிவிடக்கூடாது. இப்போது எனக்கு மாதச் சம்பளம் வருகிறது. ஆனாலும் புதன்கிழமைகளில் காரணமில்லாமல் அலமாரியைத் திறந்து திறந்து பார்க்கிறேன்.

எங்களைக் கவிழ்த்தது மகளின் இளைப்பு. மாசி பிறந்து வத்தல் வரத்து தொடங்கினால் கீழே குடோனில் மூட்டை இறங்கும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளுவார்கள். அந்த நெடி படி வழியாக ஏறி எங்கள் அறைக்கு வரும். ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் தும்மல். பெரியவர்கள் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு பழகிப்போயிருந்தார்கள். பிள்ளைக்குப் பழகவில்லை. நெஞ்சுக்குள் விசில் ஊதுவதுபோல் சத்தம் வரும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினால் முகமூடி வைத்து மருந்துப் புகையை இழுக்கச் செய்வார்கள். வாரத்தில் இரண்டு தடவை அப்படிப் போனால் கவர் காலி. “மருந்து நான் எழுதித் தந்துக்கிட்டே இருக்கலாம்மா. வீட்டை மாத்துனாத்தான் பிள்ளைக்கு நல்லது” என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் கணவர் அதிகம் பேசாதவர். அண்ணன் முன்னால் இன்னும் பேசமாட்டார். அப்படிப்பட்டவர் அன்று கடையை அடைத்துவிட்டு வந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

“அண்ணே, ஊருக்கு வெளிய சூலக்கரை பக்கம் ஒரு சின்ன வீடாப் பாத்து வாடகைக்குப் போகலாம்னு இருக்கோம். பிள்ளைக்கு முடியல.”

பெரியத்தான் உடனே கோபப்படவில்லை. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு சொன்னார்.

“சொந்த வீடு இங்கன இருக்கையில வாடகை வீட்டுக்குப் போனா பஜார்ல என்ன பேசுவாங்க? தம்பிய வெளிய தள்ளிட்டான்னுல்ல பேசுவாங்க. சீசன் முடியட்டும். நெடி தானா அடங்கிரும்.”

அவர் கெட்டவர் இல்லை. அந்த வருடம் விலை ஏறும் என்று நம்பி உளுந்தை வாங்கி அடுக்கியிருந்தார். விலை இறங்கிக்கொண்டே போனது. அது பஜாரில் தெரிந்தால் சரக்குக் கொடுப்பவர்கள் கையை இழுத்துக்கொள்வார்கள். குடும்பம் பிரிகிறது என்ற பேச்சும் சேர்ந்தால் இன்னும் மோசம். அவருடைய கவலை நிஜமான கவலைதான். ஆனால் என் மகளுடைய மூச்சும் நிஜம். நான் மாடிக்கு ஏறினேன். பிறகு அந்தச் சின்ன அறையில் சுவருக்குச் சுவர் நடந்துகொண்டே இருந்தேன். அம்மா வீட்டுக்குப் போய்விடலாம் என்று பையை எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் மகளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் கடையில். நான் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு கத்தினேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தார். மகளை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு தெருவுக்கு ஓடினார். காலில் செருப்பில்லை. பஜார் தெருவில் லாரி நின்று வழி மறித்திருந்தது. ஆட்டோ கிடைக்கும்வரை அந்த வெயிலில் ஓடிக்கொண்டேதான் இருந்தார் என்று பிறகு கடைக்காரர்கள் சொன்னார்கள். நான் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மகள் முகமூடியோடு அக்கா மடியில் படுத்திருந்தாள். அக்கா அவளுடைய நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் நேராக அடுப்படிக்குப் போனார்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீட்டில் ஞாயிறு என்றால் ஆட்டுக்கறி. அதில் மாற்றம் இருந்ததே இல்லை. மத்தியானம் மாமனார், பெரியத்தான், என் கணவர், அக்காவின் இரண்டு பையன்கள் எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அக்கா இலைகளை எடுத்துவிட்டு ஆளுக்கு ஒரு கும்பா வைத்தார். கம்பங்கஞ்சியை ஊற்றினார். பக்கத்தில் தட்டில் கொஞ்சம் துவையல்.

பெரியத்தான் கும்பாவையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏளா, கறி எங்க?”

“எடுக்கல.”

“ஏன், கடை இல்லையா?”

“கடை இருக்கு. காசு இல்ல. நீங்க குடுக்குற வாரக் காசுல ஒரு பங்கை எடுத்து வச்சிட்டேன். சூலக்கரையில வீடு பாக்கச் சொல்லியிருக்கேன். அட்வான்ஸ் சேர்ற வரைக்கும் இந்த வீட்ல இதான் சாப்பாடு.”

“யாரைக் கேட்டு இதெல்லாம் பண்ணுத?”

அக்கா துவையல் கரண்டியைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை.

“இம்புட்டு வருசமா இந்தக் காசை என் கையில குடுத்துட்டுப் போயிருதீக. எப்படிச் செலவழிச்சன்னு ஒரு நாள் கேட்டதில்ல. காசு பத்துச்சான்னும் கேட்டதில்ல. இப்ப மட்டும் எதுக்குக் கேக்கீக?”

கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்ற எனக்கு, தரை பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. எங்களால்தானே இவ்வளவும் என்று உடம்பு கூசியது. அப்போது மாமனார் கும்பாவைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தார். துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தார்.

“புளி கொஞ்சம் தூக்கலா இருக்கு. நாளைக்குக் குறைச்சுப் போடு தாயி” என்றார்.

நாளைக்கும் இதுதான் என்பதை அவர் ஒத்துக்கொண்டுவிட்டார். பெரியத்தான் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அதன் பிறகு பல வாரங்கள் அந்த வீட்டில் கறியும் இல்லை, மீனும் இல்லை. காலையில் பழைய சோறு, மத்தியானம் கஞ்சி அல்லது ரசம். அக்காவின் பையன்கள் என்னைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வளர்கிற பிள்ளைகள், பசி அவர்களுக்கு. நான் அக்காவிடம் போய், “வேண்டாம்க்கா. நாங்க எப்படியாவது சமாளிச்சுக்கிடுதோம்” என்று அழுதேன். “நீ பிள்ளையப் பாரு. அடுப்பை நான் பாக்கேன்” என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். பெரியத்தான் கொஞ்ச நாள் கடைவீதியில் எண்ணெய்ப் பரோட்டா சாப்பிட்டுப் பார்த்தார். வயிறு கெட்டுப்போய், ஒரு மத்தியானம் வந்து கும்பா முன்னால் உட்கார்ந்தார். அக்கா கஞ்சியை ஊற்றினார்.

அவர் சரி என்று கடைசிவரை சொல்லவில்லை. அட்வான்ஸ் சேர்ந்து வீடும் அமைந்த பிறகு ஒரு நாள் காலையில் கடையின் குட்டியானை வண்டி வீட்டு வாசலில் வந்து நின்றது. தம்பியின் முகத்தைப் பார்க்காமல், “இன்னைக்கு லோடு ஒண்ணும் இல்ல. வண்டி சும்மாதான் நிக்கி. சாமான ஏத்திக்கங்க” என்றார். ஏற்றும்போது குக்கர் வைத்த பெட்டியை அவரே தூக்கிக் கொடுத்தார்.

சூலக்கரையில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட ஓட்டு வீடு. சுற்றிக் கருவேல மரமும் வெட்டவெளியும். புழுதிக் காற்று வீசும், ஆனால் அதில் நெடி இல்லை. அடுத்த சீசனில் மகளுக்கு ஒரே ஒரு தடவைதான் இளைப்பு வந்தது. பணக்கஷ்டம் மட்டும் கூடிப்போனது. இப்போது வாடகையும் அரிசியும் பருப்பும் அந்தக் கவருக்குள்ளேயே வந்துவிட்டன. என் கணவர் யோசித்து யோசித்து, கடையை விட்டு சிவகாசியில் காலண்டர் அடிக்கும் ஒரு அச்சுக் கம்பெனியில் வாரச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். ஆர்டர் குவியும் மாதங்களில் ஓவர்டைம் கிடைக்கும், மற்ற மாதங்களில் கையைப் பிசைவோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் நான் கலெக்டர் ஆபீஸ் எதிரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வேலைக்குப் போனேன். இழுத்துப் பிடித்து மேலே வந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நாங்கள் குடிபோன புதிதில் அக்கா ஒரு நாள் பஸ்ஸில் பார்க்க வந்தார். வீட்டுக்குள் உட்காராமல் பின்வாசலில் வேப்பமர நிழலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வெகுநேரம் காற்றை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். “இங்கன காத்து நல்லாருக்கு தங்கச்சி” என்றார். அன்று சாயங்காலம்வரை அவர் ஒருமுறைகூடக் கனைக்கவில்லை. பெரியவர்கள் சிலருக்கு இருக்கும் பழக்கம்தானே என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த கனைப்பு.

“உங்களுக்கும் அந்த நெடி ஒத்துக்கலையாக்கா?”

“எனக்கு என்ன? கல்யாணமாகி வந்த நாள்லருந்து பழகிப்போச்சு” என்று எழுந்தார். “நான் போய்த்தான் உலை வைக்கணும்” என்று வெளிச்சம் இருக்கும்போதே பஸ் ஏறிவிட்டார். எங்களுக்கு ஒரு வீடு வேண்டும் என்று மொத்தக் குடும்பத்தையும் கஞ்சி குடிக்க வைத்தவருக்கு, தனக்கும் அப்படி ஒன்று கேட்கலாம் என்று தோன்றவே இல்லை. பஸ் போன பிறகும் நான் ரோட்டோரத்திலேயே நின்றிருந்தேன். அந்த நினைப்பு பல வருடங்கள் என்னை நிம்மதியாக உட்கார விடவில்லை.

மாமனார் இறந்துபோனார். பிறகு பெரியத்தானும் போனார். கடை அக்காவின் பையன்கள் கைக்கு வந்தது. அவர்கள் நல்லபடியாகத்தான் வைத்துக்கொண்டார்கள். ஆனால் குடோன் அங்கேயே இருந்தது, அக்காவும் அதன் மேலேயே இருந்தார். நாங்கள் சூலக்கரையிலேயே சொந்தமாக இரண்டு அறை வீடு கட்டியதும் எங்களோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டோம். ஒவ்வொரு முறையும், “நான் வந்துட்டா அங்கன அடுப்பை யாரு பாப்பா?” என்பார். மருமகள்கள் இருக்கிறார்களே என்றால், அதுகளுக்கு என்ன தெரியும் என்பார். மகள் கல்லூரிக்குப் போகத் தொடங்கினாள். ஒவ்வொரு மாசியிலும் நான் போன் போட்டுக் கேட்பதும் அவர் மறுப்பதும் மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பங்குனியில் ஒரு காலை, நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. “தங்கச்சி, மினி பஸ்ஸுல வந்து ஸ்டாப்புல நிக்கேன். வழி மறந்துபோச்சு.” நான் கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினேன். நிழற்குடையில் ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். பேச இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிவந்து காப்பி கொடுத்தேன். பின்வாசல் கதவைத் திறந்துவிட்டு நாற்காலியைப் போட்டேன். அவர் சாயங்காலம் கிளம்புகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கம்ப்யூட்டர் கடைக்குப் போன் போட்டு லீவு சொன்னேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், சமையல்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்தேன்.

“அக்கா, நாலு நாளாவது இருந்துட்டுப் போங்க. சாயங்காலமே பஸ்ஸு கிஸ்ஸுன்னு கிளம்பிராதீக.”

அக்கா காப்பியைக் கடைசிவரை குடித்தார். டம்ளரை நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

“வர்றதுக்கு மட்டுந்தான் பஸ்ஸுக்குக் காசு எடுத்தாந்தேன்” என்றார்.