இரண்டு அறை வீட்டுக்கு மதுரையில் கொத்தனார் கிடைப்பாரா?

1936 பங்குனியில் விருதுநகரிலிருந்து மதுரைக்குப் போய்வந்தேன். ஆவணியில் எனக்கு மதுரைத் தாலுகா கச்சேரிக்கு உத்தியோக மாற்றல். "இன்னொரு வாடகை வீடுன்னா நீங்க மட்டும் போங்க, நான் வரல" என்று என் சம்சாரம் கறாராகச் சொல்லிவிட்டாள். ஏழு வருஷத்தில் ஐந்து வீடு மாறியவள், பாவம்! வில்லாபுரத்தில் வாங்கிப் போட்ட மனை சும்மாதான் கிடந்தது. கொத்தனாரைப் பேசி முடிக்காமல் திரும்புவதில்லை என்று கிளம்பினேன்.

காலை ஆறு மணி ரயில். மூன்றாம் வகுப்பு ஒன்பதணா. ஏழே முக்காலுக்கெல்லாம் மதுரை! நாள் முழுக்க ஒரு ரூபாய் என்று ஜட்கா வண்டி பேசிக்கொண்டு சிம்மக்கல்லில் ஒரு கொத்தனார் வீட்டுக்குப் போனேன்.

"எம்புட்டுப் பெருசு?" என்றார்.

"ரெண்டு அறை, ஒரு அடுப்படி."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். "மாடி வச்சுக் கட்டுங்கண்ணே, நாளைக்கே வாரேன். இது வேணாம்."

எனக்குச் சுருக்கென்றது. ஏழை எளியவன் எங்கேதான் குடியிருப்பது என்று எகிறிவிட்டேன். மனிதர் கோபப்படாமல் என்னோடு ஜட்காவில் ஏறி, இரண்டு மைல் தள்ளி, காளவாசல் செங்கல் சூளைக்குக் கூட்டிப்போனார்.

"சூளையைப் பிரிச்சா முழுசையும் எடுக்கணும். அதுதான் இங்க வழக்கம். உங்களுக்குப் பாதி போதும், மீதியை எவன் தலையில கட்டுறது? கிணறு வெட்டுற கூலி குறையுமா? எனக்கு நாலு காசு நிக்கிறது மாடியிலதாண்ணே."

அவரை அங்கேயே விட்டுவிட்டு, மூன்றரை மைல் வெயிலில் வில்லாபுரம் போய் மனையைப் பார்த்தேன். அடுத்த மனையில் ஒருவர் கருவேலஞ்செடி வெட்டிக்கொண்டிருந்தார். பூக்கடைக்காரராம், பெயர் மாரியப்பன். இதே கொத்தனார் போன வாரம் அவரையும் விரட்டியிருக்கிறார்!

"எம்புட்டுக் கெஞ்சியும் மசியலண்ணே" என்றார்.

எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. ஒரே சூளை, நடுவில் ஒரே சுவர், இரு வீட்டுக்கும் ஒரே கிணறு. சொன்னதும் மாரியப்பன் அரிவாளைப் போட்டுவிட்டு ஜட்காவில் தாவி ஏறினார்!

கொத்தனார் இன்னும் சூளையில்தான் இருந்தார். கேட்டுவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணன் தம்பியா?"

"ஒரு மணி நேரமா" என்றார் மாரியப்பன்.

கொத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். வைகாசியில் வாசக்கால் வைப்பு, ஆவணியில் குடிபோகலாம் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

வீடு கட்ட மதுரைக்கு வருகிறவர்களே, ஜட்காவை நாள் கணக்கில் பேசுங்கள், குடை முக்கியம். கொத்தனாரைத் திட்டுவதற்கு முன் சூளையை ஒரு நடை பாருங்கள். அதற்கும் முன்னால் பக்கத்து மனைக்காரரைத் தேடிப் பிடியுங்கள்.

மாலை ரயிலில் திரும்பி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். சம்சாரம் முழுதும் கேட்டுவிட்டு, "கிணத்தடியில தினமும் பேசப்போறது நான். அந்தப் பூக்காரர் பொண்டாட்டி எப்படி?" என்றாள்.

அதை மட்டும் விசாரிக்காமல் வந்துவிட்டேன்.